சைவ வீட்டில் மீன் வாடை

பூனைக்குப் பல் டாக்டரா என்று போன ஞாயிற்றுக்கிழமை நம் கல்கத்தாத் தமிழர் கமிட்டிக் கூட்டத்தில் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். என் மகளும் அங்கேதான் நின்றிருந்தாள். "நம்ம காலத்துல பூனைக்கு எங்க வியாதி வந்துச்சு? தானா வந்துச்சு, தானா போச்சு" என்று ஒருவர் சொன்னார். யார் என்று எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உங்களுக்கு இட்லி தொண்டையில் இறங்கியிருக்காது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தில் இதை நானே வாசிப்பேன், யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது.

நாம் எல்லோருமே ஒரே மாதிரிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த கூட்டம்தானே. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மூன்று மாடிக் கட்டடம், பச்சைப் பெயின்ட் உரிந்த ஜன்னல், படிக்கட்டு வளைவில் சாத்தி வைத்த சைக்கிள்கள், மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சை. எங்களுக்குக் கீழ் வீடு. மாடியில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தார், எங்களுக்கு அவர் மாஷிமா. காலையில் கடுகெண்ணெயில் அவர் மீனைப் போடும் சத்தம் கேட்டதும் அம்மா சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். அந்தப் புகையும் அந்த மீன் வாடையும் படிக்கட்டின் நடுவில் தினமும் சந்தித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் யூனிஃபார்மில் இரண்டும் இருக்கும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போகிறவன் ஆறு மாசத்தில் மீன் தின்றுவிடுவான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைப் பொய்யாக்குவதையே அப்பா தன் ஆயுட்கால வேலையாக வைத்திருந்தார். காய்கறி வாங்கப் போனால் மீன்கடைகள் இருக்கும் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். திரும்பி வந்ததும் வெளிக்குழாயில் முழங்கால் வரை கழுவிவிட்டுத்தான் படியேறுவார். தமிழர் கமிட்டியில் முருகன் பூஜைக்கு அவர்தான் முன்னால் நிற்பார். உங்களில் பாதிப் பேர் அவர் கையால் விபூதி வாங்கியவர்கள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. ஊரில் இடம் அமையவில்லை. கல்கத்தாவில் நல்ல வேலையில் இருக்கிற நம்மூர்ப் பையன்கள் நிறையப் பேர் என்று அப்பா கையோடு கூட்டி வந்திருந்தார். தை பிறப்பதற்குள் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எப்போதும் ஓடிய பேச்சு. முடியாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை.

அத்தை சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். அவ்வளவு பெரிய சிரிப்பு. "மெல்லச் சிரிட்டி, தெரு பூரா கேக்கு" என்று அம்மா அதட்டுவாள். அதற்கும் சிரிப்பாள். வெள்ளை வெளேரென்று ஒழுங்கான பல் வரிசை. எனக்குப் பத்து வயது. முன்பல் கோணலாக முளைத்திருந்ததால் அவள் பல்லைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பூனை அந்த வருஷம் மழையோடு வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. படிக்கட்டின் அடியில் நனைந்து கிடந்ததை அத்தைதான் துண்டால் துடைத்துத் தூக்கி வந்தாள். சமையல்கட்டுக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா விட்டுவைத்தாள். கீழே அத்தை கையால் தயிர்சாதம், மாடியில் மாஷிமா வீட்டில் மீன் தலை. மதியம் அத்தை மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். நான் பள்ளிவிட்டு வந்தால் இரண்டு பேரும் ஒரே ஜன்னல் வெயிலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

துர்க்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்துக் கொண்டிருந்தபோது அந்த வாடை ஆரம்பித்தது. முதலில் பூனை பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிந்தது. பிறகு அது படுத்த பாய், அத்தையின் புடவை, ஜன்னல் திட்டு எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. பூனையின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி நெஞ்சு ரோமத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. தன்னை நக்கிச் சுத்தம் பண்ணிக்கொள்வதையும் நிறுத்திவிட்டது. வெள்ளைப் பூனை அழுக்குத் துணி நிறத்துக்கு வந்தது.

அம்மா ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மாடியில மீனைத் தின்னுட்டு வந்து இங்க வாயைத் தொடைக்கி. அதான் இந்த நாத்தம்." தயிர்சாதத்தை அது தொடாததற்கும் அதே காரணம்தான். மீன் கொழுப்பு ஏறிவிட்டது, திமிர் பிடித்துவிட்டது.

அப்பா அதைத் திருத்துவது என்று முடிவு செய்தார். பழைய புடவைக் கரையைக் கிழித்துப் பூனையின் கழுத்தில் கட்டி, மறுமுனையைப் பின்வராந்தாக் கம்பியில் முடிந்தார். தயிர்சாதம் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, மாடிக்குப் போகவே கூடாது. "பசிச்சா தன்னால திங்கும்" என்றார். அந்தக் குரலில் கோபம்கூடக் கிடையாது. எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் அதே குரல்.

அதற்குப் பசிக்காமல் இல்லை, அதைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். தட்டை வைத்ததும் ஓடி வரும். கத்திக்கொண்டே வரும். முகர்ந்து பார்த்து ஒரு வாய் எடுக்கும். உடனே தலையை உதறி ஓர் அலறல் அலறும். சோறு சுவரெல்லாம் தெறிக்கும். முன்காலால் வாயைப் போட்டுப் பிறாண்டும். பிறகு கொஞ்ச தூரம் தள்ளி நின்று, அந்தத் தட்டைப் பார்த்துச் சீறும். சோற்றைப் பகைவனைப் போலப் பார்த்து ஒரு பிராணி சீறியதை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "சைவச் சோறுன்னா எவ்வளவு எளக்காரம் பாத்தீயளா இதுக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள்.

நாள் போகப் போக அதன் முதுகெலும்பு மணி மணியாகத் தெரிந்தது. அத்தை யாருக்கும் தெரியாமல் கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டுத் தொட்டு அதன் நாக்கின் நுனியில் வைப்பாள். மடியில் குழந்தையைப் போலக் கிடத்திக்கொண்டு, மெல்ல, பல்லில் படாமல். அதில் கால்வாசிதான் உள்ளே போகும். மீதி எச்சிலோடு சேர்ந்து அவள் முந்தானையில் வடியும். நான் காவலுக்கு நிற்பேன்.

கார்த்திகையில் அலிப்பூர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் வேலை. அவனுடைய அம்மா இதற்காகவே திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். இடத்தைக் கொண்டுவந்தது எங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருந்த பேங்க் மாமா. ஜாதகம் பொருந்தியாயிற்று, போட்டோவும் பிடித்துப்போயிற்று, பார்த்துவிட்டுப் போவது ஒரு சம்பிரதாயம்தான் என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா கேசரி கிண்டினாள், வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். அப்பா வாசலிலிருந்து பின்வராந்தா வரை பினாயில் ஊற்றித் தேய்த்தார். பூனையைக் குளியலறையில் அடைத்தார்.

அத்தை அரக்குப் பட்டு கட்டி, தலைபின்னிப் பூ வைத்துத் தயாராக இருந்தாள். அவர்கள் வரத் தாமதமாயிற்று. குளியலறைக்குள் பூனை கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அதற்குக் கஞ்சித் தண்ணீர்கூடப் போகவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள், நான் வாசலைப் பார்த்து நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் கஞ்சியைப் பட்டுப்புடவையோடேயே உட்கார்ந்து கொடுத்துவிட்டு வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முந்தானையை ஈரத்துணியால் துடைத்தாள். பட்டில் ஏறிய வாடை ஈரத்துணிக்கா போகும்?

காப்பித் தட்டோடு அவள் குனிந்தபோது மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு நேரே முந்தானை சரிந்தது. அந்த அம்மாள் தட்டிலிருந்து கையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அத்தை வழக்கம்போல ஏதோ கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன.

மறுநாள் சாயங்காலம் பேங்க் மாமா வந்தார். நான் முன் அறையில் தரையில் உட்கார்ந்து மேப்பில் ஆறுகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அந்தம்மா ஒரு வார்த்தை கேக்காக. கல்கத்தாவுக்கு வந்தப்புறம் மீன் கீன் பழகிட்டியளோன்னு. பொண்ணு கிட்ட வந்தப்ப வாடை அடிச்சுதாம்" என்றார்.

அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்தார். சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது.

"எங்க வீட்டுல மீனா? நல்லா கேட்டாக. தங்கச்சிக்கு ஈறுல கொஞ்சம் கோளாறு. புண்ணு மாதிரி. அந்த வாடைதான் அது. வைத்தியம் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

பேங்க் மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. "அவ்வளவுதானா? அதைச் சொல்லிருதேன்" என்று எழுந்தார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அவருக்குக் காப்பி கொடுக்க வந்த அத்தை கதவுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டாள். அப்பா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அத்தை பக்கத்தில்தான் நான் தினமும் படுப்பேன். ஆனால் பெரியவர்கள் ஒரு காரியத்துக்காகச் சொன்னால் அதற்கு வேறு பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அலிப்பூர் இடம் திரும்பி வரவில்லை. வாய் நாறுகிற பெண்ணை யார் எடுப்பார்கள்?

அது தெரிந்த மறுநாள் காலையில் அம்மா தன் கோபத்தைப் படிக்கட்டில் கொண்டுபோய்க் கொட்டினாள். நீங்கள் மீன் போட்டுப் போட்டுத்தான் எங்கள் வீட்டுப் பெண்ணின் வாழ்வு போயிற்று என்று உடைந்த வங்காளியில் மாஷிமாவைப் பிடித்துக்கொண்டாள். மாஷிமா திகைத்துப்போனார். "பூஜோர் பொர் தேகே ஓ மாச் சோய் நா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பூஜைக்குப் பிறகு அது மீனைத் தொடவே இல்லையாம். அம்மா நம்பவில்லை என்று தெரிந்ததும் மாடிக்கு ஓடிப்போய் ஒரு தட்டில் ரூயி மீன் தலையைக் கொண்டுவந்து படிக்கட்டு வளைவில் வைத்தார். அத்தை பூனையை அவிழ்த்துவிட்டாள்.

பூனை மீன் தலைக்கு ஓடிற்று. முகர்ந்தது. நாக்கை நீட்டித் தொட்டது. தலையை உதறி அலறிவிட்டு, மீனைப் பார்த்துச் சீறியபடியே பின்வாங்கிச் சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டது. தயிர்சாதத்திடம் என்ன செய்ததோ அதையேதான் மீனிடமும் செய்தது. மாஷிமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அம்மா கொஞ்ச நேரம் மீன் தலையையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நம்ம கண்ணு முன்னால திங்காம நடிக்கி பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்பாவின் ஆபீஸ் ஜீப் டிரைவருக்கு சாந்த்ராகாச்சியில் வீடு. அங்கே ரயில் யார்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், எலி நிறைய, பூனைக்குக் குறைவே இருக்காது என்று அவன் சொன்னானாம். மென்று தின்ன முடியாத பூனைக்கு எலியைக் காட்டினார்கள். அப்பா ஒரு சணல் சாக்கை உதறிப் பிரித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். பூனை அவர் கைக்கு எட்டாமல் கட்டிலின் அடியில் போய்விட்டது. குடைக்கம்பால் குத்திப் பார்த்தார், வரவில்லை.

"உங்கிட்டதான் வரும். நீயே பிடிச்சுப் போடு" என்று அத்தையிடம் சாக்கைக் கொடுத்தார்.

"வேண்டாம்ணே. பத்து நாள் விட்டுருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"போடுட்டி."

அத்தை மண்டியிட்டு நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். அது உடனே வந்தது. கஞ்சி கொடுக்கப் போகிறாள் என்று நினைத்திருக்கும், அவள் விரலைத்தான் முதலில் நக்கப் பார்த்தது. சாக்குக்குள் விட்டபோது சத்தமே போடவில்லை. அப்பா சாக்கின் வாயைக் கட்டி ஜீப்பின் பின்சீட்டின் அடியில் வைத்தார். மாஷிமா மாடி ஜன்னலில் நின்று கைகூப்பினார். பூனை அவர்களுக்கு ஷஷ்டி தேவியின் வாகனம், அதை விரட்டுவது பாவம். எனக்கு அன்று அழுகை வந்தது. இப்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

பூனை போனதும் வாடையும் போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க, குளத்தங்கரைப் பக்கம் குடியிருந்த தமிழ்ப் பெண்டுகள் வரை, அத்தைக்கு ஈறு நோய் என்று பரவியாயிற்று. அப்பாவின் வைத்தியம் பாக்கி இருந்தது. சொன்ன சொல்லுக்கு ஒரு வைத்தியம் நடந்தாக வேண்டும்.

அத்தையை டிராமில் ஏற்றிக்கொண்டு ஒரு சீனப் பல் வைத்தியரிடம் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகளை அடுக்கிவைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கடை. என்னைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார். "பாலோ தாந்த்" என்றார். நல்ல பல் என்று அர்த்தம். அப்பா விடவில்லை. கடைவாயில் சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். வைத்தியர் அத்தையைப் பார்த்தார், அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஊசியை எடுத்தார். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. வெள்ளையாக, ஒரு பொட்டு இல்லாமல், வேரோடு பீங்கான் தட்டில் கிடந்தன.

திரும்பும்போது டிராமில் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ரத்தம் ஊறி வந்ததால் அப்படி. அப்பா பேப்பர் படித்தார். வீட்டில் அம்மா ரசம்சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தாள். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "விடுங்க, பசிச்சா தன்னால சாப்பிடுவா" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகும் இடங்கள் வந்தன. யாராவது வரும்போதெல்லாம் அம்மா அத்தையின் வாயில் இரண்டு கிராம்பைத் திணிப்பாள். வந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு மாப்பிள்ளையின் அக்கா அத்தையை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "எங்க, ஊது பாப்போம்" என்றாள். நான் கட்டிலில் இருந்தேன். அத்தை ஊதினாள். கிராம்பு வாடை வந்தது. எதையோ மறைக்கத்தானே கிராம்பு என்று அந்த இடமும் போயிற்று. தை வந்தது, எத்தனையோ தை வந்தது. அத்தைக்கு ஆகாமலே எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அட்சதைத் தட்டைத் தொடக்கூட அவளை விடவில்லை. அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவள்தான். சோறு ஊட்டியது, பல்செட்டைக் கழுவிக் கொடுத்தது எல்லாம். என் அப்பா தங்கமான மனிதர் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் சிரித்த பூனை. சால்ட் லேக்கில் மகளோடுதான் நானும் அத்தையும் இருக்கிறோம். மகள் வளர்க்கும் பூனைக்குப் போன மாசம் வாயிலிருந்து நூல் இறங்கியது. "அம்மா, இதுக்குக் கொடுக்கிற மாச் கெட்டுப்போச்சு போல, ஸ்மெல் பாரேன்" என்று என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மூக்கு மறக்கவில்லை. அரக்குப் பட்டின் அதே வாடை.

டாக்டர் பெண் உதட்டை விலக்கிக் காட்டினாள். பல்லைச் சுற்றி ஈறெல்லாம் புண்ணாகி, ரத்தம் கட்டி, பார்க்கவே கூசிற்று. பசியோடு ஓடி வரும், தட்டைப் பார்த்துச் சீறும், வலி சோற்றிலிருந்து வருகிறது என்று அது நினைத்துக்கொள்ளும் என்றாள். மயக்கம் கொடுத்துப் பற்களை எடுத்தார்கள். புண் ஆறியதும் பல்லே இல்லாமல் தட்டை நக்கிக் காலி பண்ணியது. எங்கள் வீட்டிலும் பல் பிடுங்கித்தான் வைத்தியம் பார்த்தார்கள். பூனைக்குப் பிடுங்க வேண்டியதை அத்தைக்குப் பிடுங்கினார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல முந்தானை வாய்க்கு மேல் இருந்தது. வேற்றாள் யாரும் இல்லாதபோதும் அப்படித்தான். என் மகள் பிறந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை ஒருதரம்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

"அது மீனே இல்ல அத்தை. பூனைக்கு ஈறு நோய். அப்பாவுக்கு அது தெரியாமப் போச்சு" என்றேன்.

அத்தை கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஈறுன்னு அண்ணனுக்கு எப்படிட்டி வாயில வந்துச்சு? அவுக பேங்க் மாமாட்டச் சொன்னதை நீயுந்தானே கேட்ட."

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கே நான் பூனையைத் தூக்கிட்டுப் போயி, வாயைத் திறந்து அவுகளுக்குக் காட்டினேன். செக்கச் செவேல்னு, தொட்டா ரத்தம். இதாண்ணே வாடை, ஈறு புண்ணாயிருக்குன்னு சொன்னேன். பாத்தாக. விளக்கைப் பிடிச்சு நல்லாப் பாத்தாக. மறுநாள் பேங்க் மாமா போனப்புறம் ஏண்ணே இப்படிச் சொன்னியன்னு கேட்டேன். 'பூனைன்னு சொன்னா, சைவ வீட்டுல பூனைக்கு என்ன வேலை, அது என்னத்தத் திங்கின்னு அடுத்த கேள்வி வரும். உன் வாயின்னா ஒன்னோட நின்னுரும்'னு சொன்னாக."

"நீ ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"யார்ட்டச் சொல்ல?"

"அப்ப இன்னும் ஏன் மூடிக்கிட்டே பேசுத? உன் வாயில ஒண்ணுமே இல்லைன்னு உனக்குத்தான் தெரியுமே."

அவள் கையை உதறி, முந்தானையைக் கீழே இறக்கினாள். என் பக்கம் நகர்ந்து, பொக்கை வாயை அகலத் திறந்தாள்.

"தெரியாதுட்டி. அத்தனை பேரும் சொன்னப்புறம் எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாளும் கேக்க ஆளில்ல. இன்னைக்கு நீ சொல்லு, நாறுதா?"

நான் குனிந்து முகர்ந்தேன். கிராம்பு.

"இல்ல அத்தை" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று தேடினாள். பிறகு முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, மீதிக் கீரையை ஆயத் தொடங்கினாள்.